வென்டிலேட்டரிலிருந்து பிழைத்து வந்தார், நுரையீரல் தேறிவிட்டது, ஆனால் கணக்குப் பார்க்க முடியவில்லை. யாருக்காவது இப்படி இருக்கிறதா?

செல்வி_ஈரோடு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு 49 வயது. இங்கே ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறார். 2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது அவருக்குக் கொரோனா வந்தது. ஆக்சிஜன் 80-க்குக் கீழே போய், பெட் கிடைக்காமல் ஆம்புலன்சிலேயே காத்திருந்து, கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் இடம் கிடைத்தது. இரண்டு வாரத்துக்கும் மேல் வென்டிலேட்டரில் இருந்தார். பிழைக்க மாட்டார் என்றே எங்களிடம் சொன்னார்கள். பிழைத்துவிட்டார். அதற்குக் கடவுளுக்கும் அங்கே வேலை பார்த்த பிள்ளைகளுக்கும் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

உடம்பு தேறிவிட்டது. மூன்று மாடி ஏறுகிறார், இரண்டு முறை எடுத்த சிடி ஸ்கேனிலும் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். தலைதான் பழையபடி இல்லை. முன்பெல்லாம் பேரேட்டில் ஒரு பக்கத்தின் மேலே விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்தாரென்றால் அடியில் மொத்தத்தை எழுதிவிடுவார், கால்குலேட்டரைத் தொடவே மாட்டார். இப்போது பாதிப் பக்கத்தில் விரல் நின்றுவிடுகிறது. மனதில் வைத்திருந்த எண் போய்விடுகிறது, திரும்பவும் மேலே இருந்து ஆரம்பிக்கிறார். போன வருஷம் ஒரே பர்ச்சேஸ் பில்லை டேலி கணக்கு மென்பொருளில் இரண்டு தடவை ஏற்றி, கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் வரியை இரட்டிப்பாக எடுத்துவிட்டார். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி தாக்கல் செய்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி நல்ல மனுஷர், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எழுந்து போய்விடுகிறார். பேசிக்கொண்டே இருக்கும்போது வார்த்தை வராமல் "அந்த இது, அந்த இது" என்று தவிக்கிறார். ஆனால் பழசு எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. எங்கள் கல்யாணச் செலவுக் கணக்கை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார்.

மூளை எம்ஆர்ஐ எடுத்தோம், நார்மல் என்று வந்தது. டென்ஷனைக் குறைக்கச் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், வயசு என்கிறார்கள், சோம்பல் என்கிறார்கள், உயிரோடு வந்ததே பெரிசு என்கிறார்கள். உயிரோடு வந்தது பெரிசுதான், அதற்காக இதைக் கேட்கக்கூடாதா?

நான் கேட்பது மூன்று விஷயம். இதற்கும் அந்த ஐசியூவுக்கும் சம்பந்தம் உண்டா? என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் அல்சைமர் என்ற மறதி நோய் இருந்தது, இவருக்கும் அதுதான் ஆரம்பிக்கிறதா? இனி என்ன செய்யலாம்? நான் இன்னது செய்தேன் என்று அனுபவத்தில் சொல்பவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.


ஐசியூ_டாக்டர்_கோவை:

செல்வி அம்மா, முதல் கேள்விக்கு நேரடியான பதில்: சம்பந்தம் உண்டு. நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எடுத்து மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம், அவ்வளவு பொருந்தி வருகிறது.

இது கொரோனாவோடு புதிதாக வந்த பிரச்சினை இல்லை. எந்த வைரஸாலோ கிருமியாலோ நுரையீரல் இரண்டும் நீர் கோர்த்து, வென்டிலேட்டர் வரை போய்ப் பிழைத்தவர்களிடம் இதை முன்பே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ரமோனா ஹாப்கின்ஸ் என்ற நரம்பு உளவியலாளர் 1990-களிலிருந்தே இப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து பரிசோதித்து வந்தார். அவருடைய குழு 2005-ல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு வருஷம் கழித்தும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஞாபகம், கவனம், யோசிக்கும் வேகம் ஆகியவற்றில் குறை இருந்தது. அப்புறம் 2013-ல் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெரிய ஆய்வு வந்தது. மூச்சுச் செயலிழப்பு, ரத்த அழுத்தம் அபாயமாக விழும் அதிர்ச்சி நிலை (ஷாக்) என்று ஐசியூவில் இருந்த 821 பேரை எடுத்துக்கொண்டார்கள். பிழைத்துப் பரிசோதனைக்கு வந்தவர்களில் ஒரு வருஷம் கழித்தும் 34 சதவீதம் பேரின் மதிப்பெண், தலையில் நடுத்தரக் காயம் பட்டவர்களின் அளவில் இருந்தது. 24 சதவீதம் பேருடையது ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகளின் அளவில் இருந்தது. இதில் வயதானவர்கள் மட்டும் இல்லை, இளவயதுக்காரர்களும் இருந்தார்கள். ஆகவே வயசு, சோம்பல் என்று சொல்பவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

ஏன் வருகிறது என்றால் ஒரே காரணம் இல்லை. ஆக்சிஜன் குறைவது ஒன்று. மூளையில் ஞாபகத்தைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதிக்கு ஆக்சிஜன் குறைந்தால் சீக்கிரம் அடிபடும். உடம்பு முழுக்க எரியும் அழற்சி இன்னொன்று. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொரோனாவில் இறந்த 41 பேரின் மூளையை ஆராய்ந்தபோது வைரஸ் மிகச் சொற்பமாகத்தான் கிடைத்தது, ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் செத்த பகுதிகளும், மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்தெழுந்து நரம்பு செல்களைத் தாக்கிய தடயங்களும் நிறைய இருந்தன. வைரஸ் நேராக மூளைக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது டெலிரியம். நம் பக்கம் ஜன்னி கண்டுவிட்டது என்பார்களே, அதுதான். ஐசியூவில் இருப்பவர் இடம், நேரம் தெரியாமல் குழம்புவது, இல்லாத ஆட்களைப் பார்ப்பது, குழாயைப் பிடுங்குவது, அல்லது பேசாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டே கிடப்பது. வாண்டர்பில்ட் ஆய்வில் 74 சதவீதம் பேருக்கு இது வந்தது, எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பிற்பாடு மூளைத்திறன் குறைந்திருந்தது. 2021-ல் என்ன நிலைமை என்று உங்களுக்கே தெரியும். முகமே தெரியாத கவச உடையில் நாங்கள், இரவு பகல் தெரியாத விளக்கு, வீட்டு ஆட்கள் உள்ளே வரக்கூடாது, வென்டிலேட்டரோடு சண்டை போடாமல் இருக்க மிடசோலம் போன்ற மயக்க மருந்து நாள்கணக்கில். கொரோனா முதல் அலையில் 14 நாடுகளில் 69 ஐசியூக்களில் பார்த்த ஆய்வில் இந்த வகை மயக்க மருந்துகள் கொடுக்கப்பட்டவர்களுக்கு டெலிரியம் கணிசமாக அதிகம் வந்தது. குடும்பத்தார் நேரிலோ வீடியோ அழைப்பிலோ பார்க்க முடிந்தவர்களுக்குக் குறைவாக வந்தது. வீட்டு ஆட்களின் குரல் ஒரு மருந்து மாதிரிதான், அது அந்த மாதங்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

எம்ஆர்ஐ நார்மல் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். நாம் எடுக்கும் சாதாரண எம்ஆர்ஐ பக்கவாதம், கட்டி, ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். பிரிட்டனில் 785 பேருக்கு இரண்டு முறை எடுத்த ஸ்கேன்களை ஒப்பிட்டு 2022-ல் ஓர் ஆய்வு வந்தது, அவர்களில் 401 பேருக்கு இரண்டு ஸ்கேனுக்கும் இடையில் கொரோனா வந்திருந்தது. நோய் வந்தவர்களுக்கு, வராதவர்களைவிட வாசனை, ஞாபகம் சம்பந்தப்பட்ட சில பகுதிகளில் 0.2 முதல் 2 சதவீதம் வரை கூடுதலாகச் சுருங்கியிருந்தது. இவ்வளவு சிறிய மாற்றத்தை ஒரு தனி ஆளின் ஃபிலிமைப் பார்த்து எந்த ரேடியாலஜிஸ்ட்டும் சொல்ல முடியாது.

அல்சைமர் பற்றி: மேலே அல்சைமர் அளவு என்று எழுதியது குறையின் அளவைத்தான், அதே நோய் என்று அர்த்தம் இல்லை. அல்சைமர் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே போகும். ஐசியூவுக்குப் பின் வரும் குறை ஒரே அடியாக விழுந்து, பெரும்பாலும் கொஞ்சம் ஏறி, ஒரு நிலையில் நிற்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்தே இருக்கிறதா, அல்லது நன்றாக இருந்து போன வருஷம் ஆரம்பித்ததா என்று எழுதுங்கள், அது முக்கியம். அவருடைய அம்மாவுக்கு இருந்ததால் வருஷம் ஒருமுறை பரிசோதித்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.


கணக்கு_வாத்தியார்:

அம்மா, நான் திருநெல்வேலி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். நானும் அதே மே மாதம், அதே வென்டிலேட்டர். உங்கள் வீட்டுக்காரர் விரல் பாதிப் பக்கத்தில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கரும்பலகையில் நின்றது. பத்தாம் வகுப்புக்குத் தேல்ஸ் தேற்றம் நிரூபணம், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன், எத்தனையோ வருஷமாக எழுதியது. இரண்டு முக்கோணங்களும் வடிவொத்தவை என்று எழுதி, "எனவே" என்று போட்டேன். அடுத்து என்ன என்று தெரியவில்லை. மறந்துபோனது இல்லை அது, தேற்றம் முழுவதும் தெரியும். இந்த இடத்துக்கு எதற்காக வந்தேன் என்பது கையிலிருந்து நழுவிவிட்டது. பின்னால் அறுபது கண்கள். உள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், ஏனென்றால் அவரால் இதைச் சொல்ல முடியாமல் இருக்கலாம். அறிவு போகவில்லை. ஒரே நேரத்தில் கையில் பிடித்து வைத்திருக்கும் சாமான்களின் எண்ணிக்கைதான் குறைந்துபோகிறது. அதோடு சத்தம், அவசரம், பசி, தூக்கமின்மை இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் இருக்கிறதும் போய்விடும்.

டாக்டர் சொன்ன டெலிரியம் எனக்கும் வந்தது. ஐசியூ முழுவதும் ஒரு ரயில் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் சிக்னல், வெள்ளை உடையில் வருகிறவர்கள் அடுத்த ஸ்டேஷனில் என்னைத் தள்ளிவிடப் போகிறார்கள். அது கனவு மாதிரி கலையாது, இன்றைக்கும் நடந்த விஷயமாகவே ஞாபகம் இருக்கிறது. பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று வெகுநாள் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், அவருக்குள்ளேயும் ஏதாவது இருக்கும். சொல்லி முடித்த பிறகு எனக்குத் தூக்கம் கொஞ்சம் நன்றாக வந்தது.

என்ன செய்தேன் என்றால், தலையில் வைத்திருந்ததை எல்லாம் வெளியே கொண்டுவந்தேன். பலகையின் ஓரத்தில் நிரூபணத்தின் படிகளை முதலிலேயே இரண்டு வார்த்தையில் எழுதிக்கொள்கிறேன். கடினமான பாடத்தைக் காலை முதல் இரண்டு பீரியடில் கேட்டு வாங்கினேன், மத்தியானத்துக்கு மேல் தேர்வுத்தாள் திருத்துவதில்லை, மதிப்பெண் கூட்டுவது சுத்தமாக இல்லை. பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன், எனக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் இப்படி ஆகியிருக்கிறது, நான் நின்றால் அடுத்த படியை நீங்கள் சொல்லுங்கள் என்று. அவர்கள் சொல்கிறார்கள். இப்போது என் வகுப்பில் நிரூபணம் நன்றாகவே வருகிறது.

முதல் வருஷம் நிறையத் தேறியது, இரண்டாம் வருஷம் கொஞ்சம், அதற்குமேல் பெரிய மாற்றம் இல்லை. பழைய வேகம் திரும்பவில்லை. ஆனால் வேலையில் இருக்கிறேன்.


கொங்கு_ராசு:

அக்கா, நானும் ஈரோடுதான். எங்க பெரியப்பாவுக்கும் இந்த மறதி இருந்துச்சு, வல்லாரைக் கீரை துவையல் தினமும் கொடுத்தாங்க, கூடவே நாட்டு மருந்துக்கடையில் ஞாபகசக்திப் பொடி ஒன்று. நல்லா ஆயிட்டார். செலவு கம்மி, சைடு எஃபெக்ட் கிடையாது, முயற்சி பண்ணிப் பாருங்க. இன்னொரு சந்தேகம் டாக்டர், எனக்கும் கொரோனா வந்துச்சு, வீட்டிலேயே அஞ்சாறு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். எனக்கும் இது வருமா?


ஐசியூ_டாக்டர்_கோவை:

ராசு தம்பி, வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம், நானும் சாப்பிடுவேன். ஐசியூவுக்குப் பிறகு வரும் இந்தப் பாதிப்பை அது சரிசெய்யும் என்பதற்குச் சான்று இல்லை, அதை நம்பி மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம். பொடி விஷயத்தில் கவனம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியில் சைடு எஃபெக்ட் கிடையாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உங்கள் சந்தேகத்துக்கு: இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆன்லைனில் ஞாபகம், யோசனைத் தேர்வுகளை எழுதினார்கள், 2024 பிப்ரவரியில் முடிவு வந்தது. கொரோனா வராதவர்களோடு ஒப்பிட்டால், வந்து முழுக்கத் தேறியவர்களுக்கு ஐக்யூ கணக்கில் சுமார் 3 புள்ளி குறைவு, அதை அன்றாடத்தில் பெரும்பாலோர் உணரவே மாட்டார்கள். அறிகுறிகள் தீராமல் தொடர்பவர்களுக்குச் சுமார் 6. ஐசியூ வரை போனவர்களுக்குச் சுமார் 9. நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றால் நன்றாகவே இருக்கிறீர்கள், பயப்பட வேண்டாம்.

இதில் கொரோனா மட்டும் தனி வில்லன் என்றும் நினைக்க வேண்டாம். டென்மார்க்கில் கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களை, அதே அளவு மோசமான வேறு நிமோனியா, மாரடைப்பு, ஐசியூ நோயாளிகளோடு ஒன்றரை வருஷம் கழித்து ஒப்பிட்டபோது மூளைத்திறன் குறைவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. நோயின் கடுமைதான் பெரிய காரணம் என்று நான் புரிந்துகொள்கிறேன். அதனால்தான் நாளைக்குப் பன்றிக் காய்ச்சலிலோ வேறு எதிலோ வென்டிலேட்டர் வரை போகிறவரின் குடும்பத்துக்கும் இதை டிஸ்சார்ஜ் அன்றே சொல்ல வேண்டும் என்கிறேன். இப்போது நடையும் மூச்சும் சரியா என்று பார்த்து அனுப்பிவிடுகிறோம், உங்கள் வேலை என்ன, அதைத் திரும்பச் செய்ய முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை.


மதுரை_உளவியல்:

வணக்கம் செல்வி. நான் மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இனி என்ன செய்யலாம் என்பதற்கு என் பங்கு.

முதலில் முறையான பரிசோதனை. நிறைய இடத்தில் மோக்கா என்று 30 மதிப்பெண் தாள் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு, 26 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அது முதியவர்களிடம் மறதி நோயைச் சல்லடை போடுவதற்கு நல்ல கருவி. ஆனால் அதில் வேகத்தை அளப்பது கிடையாது. கணக்குப் பார்த்துப் பழகியவர் அதில் 28 வாங்கிவிடுவார், கடைக்குத் திரும்பிப் போனால் பில் இரண்டு தடவை ஏறும். நீங்கள் கேட்க வேண்டியது முழு நரம்பு உளவியல் பரிசோதனை. கவனம், யோசிக்கும் வேகம், செயல்நினைவு (வேலை முடியும் வரை ஒன்றை மனதில் பிடித்து வைப்பது), திட்டமிடல், சொல் நினைவு என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், களைப்பாக இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். பெங்களூரு நிம்ஹான்சில் இதற்கென்றே இந்தியர்களுக்கு ஏற்றபடி உருவாக்கிய தேர்வுத் தொகுப்பு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் நரம்பியல் துறையோடு கிளினிக்கல் சைக்காலஜி இருக்கும் பெரிய மருத்துவமனைகளில் கேளுங்கள். தேர்வைத் தமிழில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அதற்கு முன்பே சரிசெய்யக் கூடியவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். பி12, தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை. 2021-ல் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் பலருக்குச் சர்க்கரை ஏறியது, சிலருக்கு இறங்கவேயில்லை. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா பாருங்கள், தூக்கத்தில் ஆக்சிஜன் குறைந்தால் பகலில் தலை ஓடாது. மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் "அப்போ எல்லாம் மனசுதான் காரணமா" என்று கோபம் வரும், அப்படிச் சொல்லவில்லை. உண்மையான பாதிப்பின் மேல் மனச்சோர்வும் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்குச் சிகிச்சை உண்டு, அந்தப் பாரத்தை இறக்கினால் மீதியைச் சமாளிப்பது எளிது. அப்புறம் அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் இங்கே எழுதுங்கள், இருமல் மருந்து, அலர்ஜி மாத்திரை உட்பட.

மூளைக்குப் பயிற்சி என்று செல்போன் விளையாட்டுகள் விற்கிறார்கள். கொரோனாவுக்குப் பின் சிந்தனைக் குறை உள்ள 328 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய சோதனையில், கணினிப் பயிற்சியோ, அதோடு தலையில் மெல்லிய மின்சாரம் கொடுப்பதோ, ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. எல்லாக் குழுவுமே கொஞ்சம் முன்னேறின, அவ்வளவுதான். எனவே பணம் கட்டி வாங்க வேண்டாம். என் அனுபவத்தில் பயன் தருவது வாத்தியார் சார் தானாகவே கண்டுபிடித்த வழிதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை, நடுவில் நிறுத்தி "இப்போது நான் எதைச் செய்துகொண்டிருக்கிறேன்" என்று தன்னையே கேட்பது, படிகளை எழுதி வைப்பது, களைப்பு வரும் முன்பே ஓய்வு. வாண்டர்பில்ட் குழுவினர் ஐசியூவிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டிலேயே இதை ஒட்டிய பயிற்சியைச் சின்ன அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், திட்டமிடும் திறன் மேம்பட்டது.

நடைப்பயிற்சி நல்லது. ஆனால் ஒரு நாள் அதிகமாக அலைந்தால் மறுநாள் படுத்துவிடுகிறார் என்றால் அளவைக் குறையுங்கள், வற்புறுத்தித் தள்ள வேண்டாம்.


ஆடிட்டர்_கரூர்:

மருத்துவம் எனக்குத் தெரியாது, கணக்கு மட்டும் சொல்கிறேன். 14-ம் தேதி, நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலான 2பி வந்துவிடும். அதை இறக்கி, டேலியில் எடுத்த இன்புட்டோடு பில் வாரியாக ஒப்பிட்டுவிட்டுத்தான் 3பி போட வேண்டும். இரட்டைப் பதிவு அங்கேயே மாட்டிவிடும், 20-ம் தேதி வரை நேரம் இருக்கிறது. இது எல்லாக் கடையிலும் செய்ய வேண்டியதுதான், அவருக்காகத் தனியாகச் செய்வதாக நினைக்கத் தேவையில்லை. பதிந்த பில்லின் மேல் உடனே சீல் குத்தி வேறு கோப்பில் போட்டுவிடச் சொல்லுங்கள், மேஜைமேல் இருப்பது எல்லாம் பதியாதது, கோப்பில் இருப்பது எல்லாம் பதிந்தது. போன வருஷம் அதிகமாக எடுத்த இன்புட்டைத் திருப்பியாயிற்றா என்று பாருங்கள், விட்டுவைத்தால் வட்டி ஏறும்.


செல்வி_ஈரோடு:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்தே இருக்கிறது டாக்டர். முதலில் இன்னும் மோசம், எங்கள் தெருப் பேரே வரவில்லை. படிப்படியாகத் தேறி, கடந்த இரண்டு வருஷமாக ஒரே மாதிரி இருக்கிறது. ஐசியூவில் கையைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று ஒரு நர்ஸ் பிறகு சொன்னாள், குழாயைப் பிடுங்கினாராம்.

நேற்று வாத்தியார் சார் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ரயில் என்று வந்ததும் நிறுத்தச் சொன்னார். அவருக்கு அது கல்யாண மண்டபமாம். இறந்துபோன என் மாமனார் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாராம், இவரை மட்டும் உள்ளே விடவில்லையாம். இத்தனை வருஷத்தில் இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிறைய நேரம் பேசினார்.

குறட்டை பயங்கரமாக இருக்கும், பக்கத்து அறை வரை கேட்கும். மாத்திரைகள்: பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று (சர்க்கரை கொரோனாவுக்குப் பிறகு வந்ததுதான்), இரவில் குளோனசெபாம் 0.5. அது டிஸ்சார்ஜ் சம்மரியில் தூக்கத்துக்கென்று எழுதியிருந்தது, அந்தச் சீட்டையே காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டிருக்கிறோம். சளி பிடித்தால் தூக்கம் வரவழைக்கும் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையும் போடுவார். இவற்றில் ஏதாவது கெடுதலா?


ஐசியூ_டாக்டர்_கோவை:

அம்மா, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். குளோனசெபாம் சில வாரங்களுக்கு என்று ஆரம்பித்திருப்பார்கள், யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்திருக்கிறது. வருஷக்கணக்கில் எடுத்தால் கவனமும் புது விஷயங்களைப் பதியும் திறனும் மந்தமாகும், குறட்டையோடு மூச்சுத் தடையும் இருந்தால் அதையும் மோசமாக்கலாம். இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அறவே போகும், நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். மனநல மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்த்து, அவர்கள் சொல்லும் கணக்கில் வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சளி மாத்திரை எது என்று பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள். குளோர்ஃபெனிரமின் என்று இருந்தால் அதுவும் தலையை மந்தமாக்கும் வகை, மாற்று இருக்கிறது.

எல்லாக் குறையும் இந்த மாத்திரையால் என்று நான் சொல்லவில்லை. அடி ஐசியூவில் பட்டதுதான். ஆனால் அதற்கு மேல் மாத்திரையும், தூக்கத்தில் மூச்சுத் தடையும், சர்க்கரையும் சேர்ந்து அழுத்துகின்றன என்றால், அந்த மூன்றையும் நம்மால் கையாள முடியும். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து இருக்கிறது, இரண்டு வருஷமாக ஒரே நிலை என்பது அல்சைமரின் போக்கு இல்லை, அந்த வகையில் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனாலும் பரிசோதனையைச் செய்துவிடுங்கள், அந்த எண்கள் பிற்காலத்தில் ஒப்பிட உதவும்.

நரம்பியல் ஓபிக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி (எத்தனை நாள் வென்டிலேட்டர், என்ன மயக்க மருந்து என்று இருக்கும்), இப்போதைய மாத்திரைகள் அட்டையோடு, எம்ஆர்ஐ, கடைசிச் சர்க்கரை ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். குறட்டையை இரவில் போனில் பதிவுசெய்து காட்டுங்கள். மறதி என்று மட்டும் சொல்லாதீர்கள், "கூட்டும்போது பாதியில் எண் நழுவுகிறது, ஒரே பில்லை இரண்டு முறை பதிந்தார்" என்று நீங்கள் இங்கே எழுதியபடியே சொல்லுங்கள். மறதி என்றால் உடனே வயசு என்பார்கள், இப்படிச் சொன்னால் கேட்பார்கள்.


மதுரை_உளவியல்:

ஒரு வார்த்தை வேலை பற்றி. பிரிட்டனில் கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களை இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கேட்டபோது, வேலை விவரம் சொன்னவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் வேலையை மாற்றிக்கொண்டிருந்தார்கள், அதற்கு மிக நெருக்கமாகப் பொருந்தியது சிந்தனைக் குறைதான். முதலாளி நல்லவர் என்கிறீர்கள். வேலையை விடச் சொல்லும் முன் வேலையின் அமைப்பை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். போன் எடுக்கும் பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் சத்தம் கேட்காத இடத்தில் மேஜை போட்டு, பதிவு எல்லாம் மத்தியானத்துக்குள் என்று வைத்தாலே பாதிப் பிழை குறையலாம். பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் கேட்பது சுலபம், சலுகை கேட்பதாகவும் தோன்றாது.


கணக்கு_வாத்தியார்:

செல்வி அம்மா, கல்யாண மண்டபத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததே பெரிய விஷயம். அவருக்கு விருப்பம் இருந்தால் என்னோடு போனில் பேசட்டும், தனிச்செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடச் சொல்லுங்கள், மாலையானால் எனக்கும் வார்த்தை தடுமாறும். பேரேட்டில் பத்து வரிக்கு ஒருமுறை பென்சிலில் உபமொத்தம் எழுதிக்கொண்டு போவது எப்படி என்று சொல்லித்தருகிறேன், எண் நழுவினால் மேலே வரை போக வேண்டியதில்லை, பத்து வரிதான்.